பஸ் ஓட்டுகிற அண்ணியும் மூன்றாவது புகாரும்

எனக்கும் என் அண்ணிக்கும் ஆகவே ஆகாது என்றுதான் வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாத்தனாருக்கு வாய் நீளம், வருகிற பெண்ணோ டவுன் பஸ் ஓட்டுகிறவள், அவளும் லேசுப்பட்டவளாக இருக்க மாட்டாள், ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் காலம் தள்ளும் என்று என் பெரியம்மா கல்யாணத்துக்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டார். புலம்பியதுதான் மிச்சம். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானும் அண்ணியும் ஒரு சின்னப் பாய்மரப் படகில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சண்டை வராமல் இல்லை. ஆனால் நடுத்தண்ணீரில் கோபித்துக்கொண்டு எழுந்து போக இடம் கிடையாது. அதனால் சமாதானமும் சீக்கிரமே வந்துவிடும்.

அண்ணி என்னைக் கூப்பிடுவது ‘பட்டாசு’ என்று. காரணம் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

அவருடைய வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பணிமனையில் சேர்ந்த முதல் வாரமே அண்ணி ஒரு காரியம் செய்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கண்டக்டர் கையில் கொடுத்து, பஸ்ஸுக்கு முன்னால் தரையில் வைக்கச் சொல்லி, தான் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாளி தெரியவில்லை. இன்னும் தள்ளி வை என்றார். தெரியவில்லை. இன்னும், இன்னும் என்று எட்டடி தள்ளி வைத்த பிறகுதான் வாளியின் விளிம்பு கண்ணில் பட்டது. இறங்கி வந்து அந்த எட்டடியைச் சாக்பீஸால் கோடு போட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். சக ஓட்டுநர்கள் சிரித்தார்கள். எத்தனையோ வருஷமாக வண்டி ஓட்டுகிறோம், வாளி வைத்தா பார்த்தோம் என்றார்கள். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முதல் பள்ளிக்கூட நிறுத்தத்தில் எத்தனை பிள்ளைகள் இறங்கின, எத்தனை நடைபாதை ஏறின என்று எண்ணி, ரெண்டும் ஒத்துப்போனால்தான் வண்டியை நகர்த்துவார். பின்னால் இருப்பவர்கள் என்ன தூங்கிட்டீங்களா என்று கத்துவார்கள். கத்தட்டும் என்று இருப்பார்.

அந்த பஸ் போய் நிற்கிற கடைசி நிறுத்தம் படகு கிளப்பின் வாசல். அங்கே பன்னிரண்டு நிமிஷம் ஓய்வு. டீ குடித்துக்கொண்டே படகுகளைப் பார்ப்பார். ஒருநாள் கிளப் செயலாளர், பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பரபரவென்று வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குக் கூட உட்கார ஆள் இல்லை, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார். நானே வர்றேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு தலை முதல் கால் வரை நனைந்து வீட்டுக்கு வந்தவர், துண்டைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“என் பின்னாடி யாருமே இல்லைங்க.”

ஆறு நாளும் முதுகுக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர். பிரேக் போட்டால் திட்டு, போடாவிட்டால் திட்டு. ஏழாம் நாள் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. அதைவிடப் பெரிய சுகம் தனக்கு இந்த உலகத்தில் வேண்டாம் என்பார் அண்ணி. புடவை, நகை, ஊர் சுற்றுவது எதிலும் ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டும்.

என் அண்ணனுக்குப் படகு ஆடுவதைக் கரையிலிருந்து பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஆகவே கரையில் நாற்காலி போட்டு நேரம் குறிக்கிற வேலை அவருக்கு. தானே ஓட்டக் கற்றுக்கொண்டதும், கூட உட்கார அண்ணி என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனால் அண்ணன் நடுவில் புகுந்து, அவளால எல்லாம் முடியாது, விடு என்றார். போதாதா? அடுத்த ஞாயிறே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

எங்கள் பந்தயத்தில் ஒரு சங்கடம் உண்டு. துறைமுகத்துக்குள் கப்பல்கள் வந்து போகிற பாதை எங்கள் தண்ணீரின் நட்டநடுவே ஓடுகிறது. கிளப் இந்தக் கரையில். நாங்கள் சுற்றி வரவேண்டிய பச்சை மிதவை அந்தக் கரையில். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அந்தப் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். கப்பலுக்கு அது ரோடு. நாங்கள் ரோட்டைக் கடக்கிற ஆட்கள். லாரிக்காரன் நினைத்தால் நிறுத்தலாம். கப்பலால் முடியாது. இஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றினாலும் அது தன்பாட்டுக்கு ஒரு கிலோமீட்டர் போய்த்தான் நிற்கும்.

துறைமுகத்துக்குள் கப்பல்களை ஓட்டி வருகிற பைலட் ஒருவர் அண்ணியின் பஸ்ஸில்தான் தினமும் வருவார். அவரை நச்சரித்து, ஒருநாள் சரக்கு ஏற்றி நிறுத்தியிருந்த கப்பலின் உச்சியில் இருக்கிற ஓட்டுகிற அறைக்கு அண்ணி ஏறிப் போனார். கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தால் பெட்டி பெட்டியாக அடுக்கிய சரக்குதான் தெரிந்ததாம். அதைத் தாண்டித் தண்ணீர் தெரிகிற இடம் எங்கேயோ இருந்தது. கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர், அதற்கு இந்தப் பக்கம் என்ன இருந்தாலும் எங்க கண்ணுக்கு இல்லை என்றார் பைலட். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கடைசியில், எனக்கு எட்டடி, அவங்களுக்கு அரைக் கிலோமீட்டர் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு வந்தது வினை. கலங்கரை விளக்கத்துக்கு அருகே ஒரு கப்பல் தலைகாட்டியதும் அண்ணி படகைத் திருப்பிவிட்டார். எங்களை நாலு படகுகள் முந்திக்கொண்டு போயின. நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அண்ணி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருக்கிற கம்பி இருக்கிறதே, அதற்கு நேராகக் கப்பலின் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். படகை நேராகப் பிடித்துக்கொண்டு இருபது எண்ண வேண்டும். மூக்கு கம்பியை விட்டு முன்னால் போனால் கப்பல் நமக்கு முன்னால் போய்விடும். பின்னால் போனால் நாம் முன்னால் போய்விடுவோம். மூக்கு கம்பியை விட்டு அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் ரெண்டும் ஒரே இடத்தில் சந்திக்கப் போகிறது. அப்போது கொஞ்சமாகத் திருப்பினால் மேலே இருக்கிறவனுக்குப் புரியாது. கை காட்டுகிற மாதிரி நன்றாக, பெரிதாக, கப்பலின் வால் பக்கம் பார்த்துத் திருப்ப வேண்டும். இதெல்லாம் சரிதான். ஆனால் இப்படித் திருப்பித் திருப்பியே நாங்கள் ஒரு பந்தயத்தில்கூட முதலில் வந்ததில்லை.

முதலில் வருகிறவர் பல் டாக்டர். மனிதர் தங்கமானவர். என் கடைவாய்ப்பல்லை வலியே தெரியாமல் பிடுங்கினார். கிளினிக்கில் வாயைத் திறங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று பூப்போலப் பேசுகிறவர், சுக்கானைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. அவர் படகில் கூட உட்காருவது அவருடைய மனைவி. எங்களுக்கு டாக்டரம்மா. பந்தயத்தில் ஒரு விதி உண்டு: வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி வருகிற படகுக்கு மற்றது வழிவிட வேண்டும். அதனால் எல்லோரும் வழி எனக்கு, வழி எனக்கு என்று கத்திக்கொண்டேதான் ஓட்டுவோம். டாக்டர் ஒருநாள் அதே வேகத்தில் சிமெண்டு ஏற்றி வந்த ஒரு கப்பலைப் பார்த்தும் வழி எனக்கு என்று கத்திவிட்டார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். கப்பல் ஐந்து முறை சங்கு ஊதியது. நீ என்னதான் செய்கிறாய் என்று கப்பல் பாஷையில் அதற்கு அர்த்தம். கிளப்பில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கப்பல்காரர்கள் சிரிக்கவில்லை. அது துறைமுக அலுவலகத்துக்கு முதல் புகாராகப் போயிற்று.

ரெண்டாவது புகார் புதிதாகச் சேர்ந்த ஒருவரால் வந்தது. ஒரு இழுவைப் படகு, பின்னால் வெகு தூரத்தில் ஒரு பெரிய மிதவைத் தோணி. ரெண்டுக்கும் நடுவே இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே என்று அவர் உள்ளே புகுந்துவிட்டார். ரெண்டையும் இணைக்கிற கயிறு தண்ணீருக்கடியில் தொங்கிக்கொண்டு வரும் என்பது அவருக்குத் தெரியாது. நல்ல வேளை, தப்பினார்.

அந்த வாரமே துறைமுக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பருவத்தில் மூன்றாவது புகார் வந்தால் கப்பல் பாதையைக் கடந்து பந்தயம் நடத்த இனி அனுமதி கிடையாது. எங்களுக்கு வேறு தண்ணீரும் கிடையாது. அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே முழங்கால் அளவு சேறு. பந்தயமே போச்சு என்று அர்த்தம். கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அண்ணி அதன் எதிரே நின்று ரெண்டு தடவை படித்தார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று கடிதம் வந்திருந்தால்கூட அந்த முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பந்தயத்துக்கு முன் அண்ணி வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். டீ கிளாஸ் கப்பல், தீக்குச்சிகள் படகு. கிளாஸை நகர்த்தி நகர்த்தி, இங்க இருந்தா உங்களைத் தெரியாது, இங்க இருந்தா காத்தே வராது என்று காட்டுவார். கப்பல் காற்று வருகிற பக்கத்திலிருந்து வந்தால், அந்த உயரத்துக்கு ஒரு சுவர் நகர்ந்து வருகிற மாதிரி. சுவருக்கு முன்னால் இருக்கிற படகின் பாய் துவண்டு தொங்கிவிடும். எல்லோரும் கேட்டார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பருவத்தின் கடைசிப் பந்தயம். கடலிலிருந்து சீரான காற்று. அண்ணி அன்று ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். பச்சை மிதவையை முதலில் சுற்றியது நாங்கள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. டாக்டர் நாலு படகு தூரம் பின்னால். மற்ற ஏழு பேரும் இன்னும் மிதவைக்கே வரவில்லை. திரும்பிக் கரைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கரையில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது தெரிந்தது.

அப்போதுதான் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி ஒரு கப்பல் உள்ளே திரும்பியது. சரக்குப் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கியிருந்தது. அண்ணி கம்பிக்கு நேராக அதன் மூக்கை வைத்தார். நானும் கூடவே எண்ணினேன். இருபது வரைக்கும் மூக்கு அசையவில்லை.

போயிடலாம் அண்ணி, தாராளமாப் போயிடலாம் என்று நான் கெஞ்சினேன். சுக்கான் திரும்பியது. நன்றாக, பெரிதாக, கப்பலின் வால் பக்கம் பார்த்து. பாய் படபடவென்று அடித்து மறுபக்கம் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் எங்களைத் தாண்டிக்கொண்டு நேராகப் போனார். போகிற போக்கில் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார்.

பாதையின் நடுவுக்கு அவர் போயிருப்பார். படகின் வேகம் குறைந்தது. பாய் தொங்கியது. அண்ணி கிளாஸையும் தீக்குச்சியையும் வைத்துக் காட்டியது அப்படியே நடந்தது. டாக்டர் சுக்கானை இப்படியும் அப்படியும் ஆட்டினார். டாக்டரம்மா படகின் விளிம்பில் குனிந்து கையாலேயே தண்ணீரைத் தள்ளினார். நான் சங்குச் சத்தத்தை எதிர்பார்த்தேன். சங்கு ஊதவில்லை. ஊதவில்லை என்றால் மேலே இருப்பவர்களுக்கு அப்படி ஒரு படகு இருப்பதே தெரியவில்லை.

“ரேடியோ,” என்று அண்ணி கையை நீட்டினார்.

துறைமுகத்தோடு பேசுகிற அந்தக் கைக்கருவி என் மிதவைச் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். கொடுக்கிறதற்கு முன்னால் நான் ஒன்று சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

“அண்ணி, இது மூணாவது.”

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார். அந்த அலைவரிசையைத் துறைமுகம் முழுவதும் கேட்கும். இழுவைப் படகுகள், கண்காணிப்புக் கோபுரம், அலுவலகம் எல்லோரும்.

“உள்ள வர்ற கப்பலோட பைலட் சார், உங்க மூக்குக்குக் கீழ ஒரு பாய்மரப் படகு நிக்குது. காத்து இல்லை, நகர முடியலை. ரெண்டு பேர் இருக்காங்க. உங்களுக்குத் தெரியாது.”

“எவ்வளவு தூரம்?” என்றது குரல். நிதானமாக இருந்தது.

“நானூறு மீட்டர் இருக்கும். உங்க நேர்லருந்து கொஞ்சம் வலது. இடது பக்கம் ஒதுங்கினா நல்லது.”

கப்பலின் பின்னால் தண்ணீர் கொப்பளித்தது. வாலில் கட்டியிருந்த இழுவைப் படகு கயிற்றை விறைப்பாக இழுத்தது. கப்பல் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. ஆனால் வேகம் தணிந்தது, மூக்கு மெல்ல, மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. டாக்டரும் டாக்டரம்மாவும் இப்போது ஆளுக்கொரு பக்கம் கையால் துழாவினார்கள். அண்ணி ரேடியோவில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்படியே வாங்க சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் சொல்வாரே, அதே மாதிரி. கப்பலின் பக்கச் சுவர் படகிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளிக் கடந்தது. அது கிளப்பிய அலையில் படகு கவிழ்ந்து ரெண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது, ஏனென்றால் ரெண்டு தலையும் உடனே மேலே வந்துவிட்டன.

நாங்கள் போய் முதலில் டாக்டரம்மாவைத் தூக்கி உள்ளே போட்டோம். மூச்சு வாங்கி முடித்ததும் அந்த அம்மாள், இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த புருஷனைப் பார்த்துச் சொன்னார்: “பதினோரு வருஷமா சொல்றேன்.” டாக்டர் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சரி, சரி என்று தலையை ஆட்டினார்.

அன்று முதல் பரிசு, எப்போதும் கடைசியில் வருகிற ஒரு தபால்காரருக்குப் போனது. அவருக்கே நம்ப முடியவில்லை.

கிளப்பில் யாரும் அண்ணியைப் பாராட்டவில்லை. முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. துறைமுகம் பூரா கேட்கிற மாதிரியா சொல்வது, கையால் தள்ளியே அவர்கள் தப்பித்திருப்பார்கள், இப்போது எல்லோருக்கும் சேர்த்து ஆப்பு வைத்தாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். ஒருவர் நேராகவே வந்து, இனிமே ஞாயித்துக்கிழமை துணி துவைக்கலாம்மா என்றார். நான் எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அண்ணி என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, ஒரு பிஸ்கட்டை என் வாயில் திணித்தார். டாக்டர் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை துறைமுக அலுவலகத்தில் விசாரணை. அண்ணிக்கு ரெண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும், அதனால் சீருடையிலேயே வந்தார். சுவர் முழுக்க வரைபடம் மாட்டிய அறை. அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்தார். ஒரு பக்கம் அன்று அந்தக் கப்பலை ஓட்டி வந்த பைலட், இந்தப் பக்கம் செயலாளர், டாக்டர், டாக்டரம்மா, அண்ணி, நான். கதவோரம் கிளப்காரர்கள் நாலைந்து பேர்.

ரேடியோவில் பேசியது யார் என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றார் அண்ணி. மூன்றாவது புகார் வந்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றார்.

“தெரிஞ்சுமா கூப்பிட்டீங்க?”

“முன்னாடி ஆள் இருந்தா முதல்ல பிரேக்கை மிதிப்பேன் சார். மெமோ வருமாங்கிறதை அப்புறம்தான் யோசிப்பேன்.”

அதிகாரி பதிவேட்டில் விரலை ஓட்டினார். முதல் புகார், கொடுத்தவர்: சிமெண்டுக் கப்பல். ரெண்டாவது, கொடுத்தவர்: இழுவைப் படகு. மூன்றாவது என்று எழுதிவிட்டு, பேனாவோடு பைலட்டைப் பார்த்தார். நான் புகார் எதுவும் கொடுக்கவில்லையே என்றார் பைலட். எனக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை, தெரியாததை நான் எப்படிப் புகார் செய்வது? சொன்னது அவங்க கிளப் படகு.

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கி, அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது என்று எழுதியதை அடித்துவிட்டார்.

“தானா வந்து சொன்னதைப் புகார்க் கணக்குல சேர்த்தா, நாளைக்கு எவனும் வாயைத் திறக்க மாட்டான். கணக்கு ரெண்டுதான்.”

எனக்கு எழுந்து அந்த மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பாதையின் ஓரத்தில் ஒரு காவல் படகு நிற்க வேண்டும். அதில் ரேடியோவோடு ஒரு ஆள். கப்பல் வந்தால் பந்தயத்தையே நிறுத்துகிற அதிகாரம் அந்த ஆளுக்கு உண்டு. பருவம் முழுவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அந்த ஆள் பந்தயத்தில் ஓட்டக் கூடாது.

சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். இவங்களை விட்டா வேற யாரு என்று செயலாளர் சந்தோஷமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவரை முறைத்தவர்கள் எல்லாம் இப்போது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அண்ணி மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஓட்டணும் சார் என்று சொன்னார். அதையும் தொப்பியைப் பார்த்துத்தான் சொன்னார். இன்னொரு தடவை கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. பதறிப்போய் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது.

“நான் உட்கார்றேன்,” என்றார் பல் டாக்டர்.

அதிகாரி நம்பவில்லை. அந்தப் படகு உங்களோடதுதானே என்று கேட்டார்.

“ஆமா. அதனாலதான் கேக்கறேன். அந்த இடம் எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்.”

ஒன்பது தடவை கோப்பை வாங்கியவர். இனி ஒரு பருவம் முழுக்கக் கயிற்றில் கட்டிய படகில் சும்மா உட்கார்ந்து அடுத்தவர்கள் ஓட்டுவதைப் பார்க்கப் போகிறார். டாக்டரம்மா புருஷனை நிமிர்ந்து பார்த்து, அவர் உட்காருவதற்காக நாற்காலியைச் சரியாக நகர்த்தி வைத்தார். வாசலில் வந்ததும் என்னிடம் மட்டும், நான் சொல்லாம இவரா செஞ்ச முதல் நல்ல காரியம் என்றார். கண் கலங்கியிருந்தது.

அங்கிருந்து நானும் அண்ணியும் பணிமனைக்கு வந்தோம். வண்டி எடுக்க இன்னும் அரை மணி இருந்தது. ஆளில்லாத பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, அண்ணன் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தோம். அண்ணி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த பருவத்துக்குப் புதுப் பாய் வாங்க வேண்டும், கயிறு மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அதிகாரியிடம் அவர் சொன்ன பதில் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொன்னேன்?

கடைசியில் கேட்டுவிட்டேன். ரேடியோவைக் கொடுக்கும்போது நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்று.

“விழுந்துச்சு.”

“ஏன் அண்ணி திட்டலை?”

அண்ணி டப்பாவை மூடினார். கண்ணாடிக்கு அப்பால், பணிமனை வாசலில் ஒரு வண்டி திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதிகாரி முன்னாடி பெருசா சொல்லிட்டேன், பிரேக்கை மிதிச்சிட்டு அப்புறம்தான் யோசிப்பேன்னு. பஸ்ஸுல அது நிஜம். அன்னைக்கு நிஜம் இல்லை பட்டாசு. ரேடியோவை வாங்கிட்டேன், பட்டனை அமுக்கலை. இன்னும் கொஞ்சம் பார்ப்போமே, கையால தள்ளியே வந்துடுவாங்களோ என்னமோன்னு நின்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மூச்சு இருக்கும். நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு அதே நினைப்புதான்.” ஈரமில்லாத கண்ணைச் சீருடைக் கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். “அவ்வளவு பிடிச்சுப் போச்சு எனக்கு, அந்த ஒரு நாள்.”

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அவரை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்கும். ஆனால் அன்றைக்குப் பிடித்த மாதிரி ஒருநாளும் பிடித்ததில்லை. கண்டக்டர் ஏறி, என்ன, நாத்தனாரும் அண்ணியும் வண்டியை எடுக்கவிடுவீங்களா இல்லையா என்றார். அண்ணி எழுந்து தன் சீட்டுக்குப் போனார்.